பள்ளத்தில் வைக்கப்பட்டோர்: காலநிலை மாற்றமும் உள்ளாட்சிகளின் நிலத் திட்டமிடலும்

தமிழ்நாட்டின் பல கிராமங்களில் மழைநீர் முதலில் எங்கே தேங்கும் என்று கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றே: காலனியில். ஊர்த்தெருவில் நீர் வடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, பேருந்து ஓடத் தொடங்கிய பிறகும் சேரியில் முழங்காலளவு நீர் நின்றுகொண்டிருக்கும். அரசு அறிக்கைகள் இதைத் ‘தாழ்வான பகுதி’ என்று குறிப்பிடுகின்றன. அந்தச் சொல் நிலத்தின் அமைப்பைச் சொல்கிறது. அந்த நிலத்தில் குறிப்பிட்ட மக்கள் மட்டும் ஏன் குடியிருக்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை.

காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப நிலப் பயன்பாட்டைத் திட்டமிட வேண்டும் என்ற பேச்சு இன்று அரசுத் துறைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவலாக எழுந்துள்ளது. அது தேவையான பேச்சுதான். ஆனால், யார் மேட்டில் குடியிருக்க வேண்டும், யார் பள்ளத்தில் குடியிருக்க வேண்டும் என்பதைச் சாதி நெடுங்காலத்துக்கு முன்பே திட்டமிட்டுவிட்டது. அந்தப் பழைய திட்டத்தைக் கணக்கில் எடுக்காத எந்தப் புதிய திட்டமும் அதையே மீண்டும் உறுதிப்படுத்தும் என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து. மனிதர் எடுத்த முடிவால் உருவான நிலையை மனிதர் எடுக்கும் முடிவால் மாற்றவும் முடியும். அதற்கான சட்ட வழிகள் உள்ளாட்சிகளிடம் ஓரளவேனும் உள்ளன. அவை எவை, அவற்றை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

பள்ளம் எவ்வாறு ஒதுக்கப்பட்டது

ஊரும் சேரியும் பிரிந்த குடியிருப்பு முறையில் கோயில், ஏரிக்கரையை ஒட்டிய நல்ல மனை, பாசன வாய்க்காலின் தலைப்பகுதி ஆகியவை ஆதிக்கச் சாதியினரிடம் இருந்தன. வாய்க்காலின் கடைப்பகுதி, வடிகாலோரம், சுடுகாட்டை அடுத்த திடல், எவருக்கும் பயன்படாத புறம்போக்கு ஆகியவை உழைக்கும் மக்களுக்கு விடப்பட்டன. காவிரிப் படுகையில் பண்ணையாட்களாக இருந்த தலித் குடும்பங்கள் மிராசுதாரரின் நிலத்தில், அவர் காட்டிய இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்தனர். 1971-இல் இயற்றப்பட்ட குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டம் அத்தகையோருக்குக் குடிசை நின்ற மனையின் உரிமையை வழங்கியது. அது பெரும் போராட்டங்களின் பயன். எனினும், குடிசை எங்கே நின்றதோ அங்கேயே உரிமை கிடைத்தது. வாய்க்கால் ஓரத்தில் நின்ற குடிசைக்கு வாய்க்கால் ஓரத்துப் பட்டாவே வந்தது.

விளைநிலத்தின் கதையும் இதற்கு நெருக்கமானது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது இதனையே. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாத எவருக்கும் அந்நிலத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. நிலம் இழந்த குடும்பத்துக்கு வெள்ளம் வரும்போது ஒதுங்க வேறு மேட்டு நிலம் கிடையாது. பஞ்சமி நில மீட்பு காலநிலையோடு தொடர்புடைய கோரிக்கையாக இன்று மாறியிருப்பதற்குக் காரணம் இதுவே.

நகரங்களில் இந்த வேலையை அரசே செய்தது. சென்னையின் ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. இவ்வாறு அனுப்பப்பட்டோரில் தலித் மக்கள் பெருமளவில் இருந்தனர். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. இம்மூன்று குடியிருப்புகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் நீர்வழிகளையும் சூழ்ந்த தாழ்நிலத்தில் அமைந்தவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, அடையாற்றின் கரையில் வாழ்வது ஆபத்து என்று காரணம் கூறி மேலும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அதே வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் நீரில் சூழப்பட்டிருந்தது. ஒரு வெள்ளப் பகுதியிலிருந்து இன்னொரு வெள்ளப் பகுதிக்கு மக்களை மாற்றுவதை இடர்த் தடுப்பு என்று அழைக்க இயலாது.

மழையும் வெயிலும் மாறும்போது

வளிமண்டலத்தின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே ஆண்டின் மொத்த மழையில் பெரிய மாற்றம் இல்லாத போதும், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை கூடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் 95 செ.மீ. மழை பதிவானது. நம் வடிகால்களும் பாலங்களும் மதகுகளும் இத்தகைய மழைக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

வெயிலும் இதே வரிசையில் சேர்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வயலிலும் செங்கல் சூளையிலும் தெருத் துப்புரவிலும் உழைப்போருக்கு வெயில் என்பது வேலையிடத்து இடர். வீடு திரும்பினால் தகரக் கூரை, நெருக்கமான சுவர்கள், மரமற்ற தெரு. ஊர்ப் பொதுக்குளத்தின் படித்துறையும் அரச மரத்து மேடையும் தலித் மக்களுக்கு இன்றும் மறுக்கப்படும் இடங்களில், நிழல்கூடச் சாதியால் பங்கிடப்படுகிறது.

மழையும் நிலமும் சாதியும் ஒரு புள்ளியில் சேரும்போது என்ன நேரும் என்பதை 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் கண்டோம். தனியார் வீடு ஒன்றைச் சுற்றி எழுப்பப்பட்டிருந்த, ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள சுற்றுச்சுவர், தொடர் மழையில் ஊறி, அருகிலிருந்த தலித் குடியிருப்பின் மீது அதிகாலையில் சரிந்தது. உறக்கத்திலிருந்த 17 பேர் இறந்தனர். சுவர் குறித்து முன்பே முறையிட்டிருந்ததாக அப்பகுதி மக்கள் கூறினர். இறப்புக்கு மழை காரணம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோக முடியாது. குடியிருப்பை ஒட்டி எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுப்பலாம், அதன் பின்னால் தேங்கும் நீர் எங்கே வடிய வேண்டும், அதை யார் ஆய்வு செய்ய வேண்டும் என்பவை நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறையின் கேள்விகள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் பேரிடர்த் தடுப்பு விதிகளுக்கு இசைவாக இருப்பதை உறுதிசெய்யும் கடமையை உள்ளாட்சியின் மீது வைக்கிறது.

அதிகாரம் எங்கே இருக்கிறது

நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்பது எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வேளாண்மைக்கு, எது தொழிற்சாலைக்கு, எது நீருக்கு, எது சுடுகாட்டுக்கு என்று முடிவு செய்வது. தமிழ்நாட்டில் இந்த முடிவு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. களத்தில் இறங்குவோர் முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1992-இல் நிறைவேறின. 243ஜி பிரிவு, பொருளாதார மேம்பாட்டுக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களை ஊராட்சிகள் வகுப்பது பற்றிப் பேசுகிறது. பதினொன்றாவது அட்டவணையின் 29 பொருள்களில் நில மேம்பாடு, சிறுபாசனம், நீர் மேலாண்மை, ஊரக வீட்டு வசதி, பட்டியல் சாதியினர் நலன் ஆகியவை உள்ளன. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பொருள்களில் நகரத் திட்டமிடலும் நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதலும் முதலிரு இடங்களில் நிற்கின்றன. குடிசைப் பகுதி மேம்பாடும் அதில் உண்டு. ஆனால், இந்த அதிகாரங்களை எந்த அளவுக்கு வழங்குவது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது.

மாநில அளவில் முதன்மையானது 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் ஆகியவை இதன் கீழ் வருகின்றன. இவற்றைத் தயாரிப்பதில் நகர் ஊரமைப்பு இயக்ககமும், சென்னையில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் முன்னிற்கின்றன. ஏரிகளும் கண்மாய்களும் தனிக் கணக்கு. மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 உள்ளன. 40 ஹெக்டேருக்கும் குறைவான ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. பெரியவை நீர்வளத் துறையிடம் உள்ளன. புறம்போக்கும் நத்தமும் பட்டாவும் வருவாய்த் துறையின் கையில் இருக்கின்றன.

ஆகவே, ஊராட்சித் தலைவரைச் சந்தித்து “எங்கள் தெருவில் நீர் தேங்குகிறது” என்று மனுக் கொடுத்தால், அவர் “அது என் கையில் இல்லை” என்று சொல்வது பாதி உண்மை. நிலத்தை வகைப்படுத்துவது அவர் கையில் இல்லாமல் இருக்கலாம். சிற்றேரியின் கலங்கல், தெரு வடிகால், ஊராட்சி வளர்ச்சித் திட்டம், கட்டட அனுமதி, கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றில் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டு.

இச்சட்டங்களில் நாம் குறிப்பாக அறிய வேண்டியவை இரண்டு. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்படும்போது, மறுப்புகளையும் கருத்துகளையும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரப்பட வேண்டும் என்பது ஒன்று. அந்த இரண்டு மாதங்களில் நிலவணிகர்கள் தங்கள் புல எண்களைத் தேடிப் பார்த்து மனுப் போடுகிறார்கள். சேரியிலிருந்து மனுப் போவது அரிது. திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட தனியார் நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால், அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பது மற்றொன்று. வரைபடத்தில் நீலமாகவோ பச்சையாகவோ தீட்டப்பட்ட பகுதி பணம் ஒதுக்கப்படாமல் மனைப் பிரிவாக மாறுவதற்கு இது ஒரு வழி. வரைபடத்தை வாழ்த்திவிட்டு வரவு செலவுத் திட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை.

உள்ளாட்சி செய்யக்கூடியவை

முதலாவது, வரைபடம். வெள்ள இடர் வரைபடங்கள் பெரும்பாலும் ஆறு, ஏரி, சாலை ஆகியவற்றைக் காட்டும். காலனியைத் தனியாகக் காட்டுவதில்லை. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள தலித் குடியிருப்புகள், அவற்றின் தரைமட்டம், கடந்த வெள்ளங்களில் நீர் நின்ற உயரம், நின்ற நாள்கள், பட்டா நிலை ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் பதிய வேண்டும். இதற்குத் தேவையான ஆவணங்கள் புதியவை அல்ல. கிராம வரைபடம், ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகியவை கிராம நிர்வாக அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கின்றன. சுவரில் நீர் படிந்த கறையின் உயரத்தை அளப்பதற்குக் கல்லூரி மாணவர் குழு ஒன்றும் ஓர் அளவு நாடாவும் போதும்.

இரண்டாவது, நீரின் வழி. காலனியில் தேங்கும் நீர் பெரும்பாலும் அங்கே பெய்த மழை மட்டுமன்று. மேலிருந்து வந்த நீர். ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் நடுவில் அடைக்கப்பட்டால், அது திரும்பும் இடம் தாழ்ந்த குடியிருப்பு. எனவே வடிகாலைக் காலனிக்குள் மட்டும் கட்டினால் சிக்கல் தீராது. மேலே மனைப் பிரிவுக்கு அனுமதி வழங்கும்போதே, அதன் நீர் எந்த வழியாக எங்கே போகும் என்று கேட்க வேண்டும். சாலை போடும்போது தரையை உயர்த்திக்கொண்டே போவதும் இவ்வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் தார்ச்சாலை அரை அடி உயர்ந்தால், பத்தாண்டுகளில் சாலையோரத்துக் காலனி ஒரு தொட்டியாகிவிடும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்பே புதுத் தளம் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது உள்ளாட்சியால் முடியும்.

மூன்றாவது, நில வகை மாற்றத்தைக் கட்டுப்படுத்துதல். இதில் அண்டை மாநிலமான கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கவனிக்கத்தக்கது. ஊராட்சித் தலைவரின் தலைமையில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு அமைத்து, நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் புல எண் வாரியாகப் பட்டியலிடும் பொறுப்பை அச்சட்டம் அக்குழுவிடம் ஒப்படைத்தது. வேறு நிலமற்றவர் தம் வயலில் வீடு கட்டிக்கொள்ள ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சிப் பகுதியில் 5 சென்ட் வரை விலக்கும் தந்தது. 2018-இல் வந்த திருத்தம் அச்சட்டத்தைத் தளர்த்தியது என்ற விமர்சனம் உண்டு. இருப்பினும், நிலத்தைக் காப்பதையும் நிலமற்றோரின் வீட்டுத் தேவையையும் ஒரே சட்டத்தில் எழுத முடியும் என்பதற்கு அது சான்று.

நான்காவது, மேட்டு நிலம். தலித் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான மனை வழங்கத் தனிச் சட்டமே உள்ளது. 1978-ஆம் ஆண்டு ‘அரிசன நலத் திட்டங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம்’ என்ற அதன் பெயரை நாம் ஏற்பதில்லை. அதன் பயனை விட்டுவிடவும் கூடாது. 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் இச்சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டில் மாநில அரசு இயற்றிய மீட்புச் சட்டத்தை 2021-இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. ஆதிதிராவிடர் நலத் துறை மனைக்கு நிலம் எடுக்கும்போது விலை குறைந்த பள்ளத்தையே தேர்வு செய்யும் வழக்கத்தை மாற்ற, தரைமட்டச் சான்றும் கடந்த வெள்ளத்தின் பதிவும் இல்லாமல் நிலம் எடுக்கக் கூடாது என்று கிராம சபை தீர்மானிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென 2024-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் இதற்கான நிதியைக் கேட்க ஒரு பிடிமானம் தருகிறது.

ஐந்தாவது, இருக்கும் இடத்தை மேம்படுத்துதல். எல்லாக் குடியிருப்பையும் இடம் மாற்ற முடியாது; மாற்றவும் கூடாது. அடித்தளத்தை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டுவது, வடிகாலைப் போக்கிடத்தோடு இணைப்பது, கூரையில் வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, தெருவில் நிழல் மரம் வளர்ப்பது ஆகியவை பெருஞ்செலவு இல்லாத வேலைகள். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் அரசுத் திட்டங்களில் வீட்டின் பரப்பளவு வரையறுக்கப்படுவது போலவே அடித்தளத்தின் உயரமும் வரையறுக்கப்பட வேண்டும். பட்டா இல்லாத குடும்பத்தை வீட்டுத் திட்டம் எட்டாது என்பதால், பட்டாவே முதல் தடுப்புச் சுவர்.

ஆறாவது, பொது இடங்கள். வெள்ளக் காலத்தில் ஒதுங்கும் மையம் ஊர்த்தெருவின் நடுவில் இருந்தால் சேரி மக்களில் எத்தனை பேர் அங்கே தயக்கமின்றி நுழைய முடியும்? 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வழிமரபு, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு கூறுகிறது. மையம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்யும் நாளிலேயே இப்பிரிவு நினைவுக்கு வர வேண்டும். சுடுகாட்டுப் பாதையும் அவ்வாறே. இடுப்பளவு நீரில் இறங்கி, வயல் வரப்பில் உடலைச் சுமந்து செல்லும் காட்சிகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தியாகின்றன. மழைக்காலத்தில் பயன்படும் பாதையை வரைபடத்தில் குறித்து நிலம் எடுப்பதும் காலநிலைத் தகவமைப்பே.

வெளியேற்றத்துக்கு மறுபெயர் ஆகக் கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஏரி அழிந்தால் முதலில் மூழ்குவது நம் வீடு. ஆனால், 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் நீதிமன்ற ஆணைகளும் களத்தில் செயல்படும்போது, முதலில் இடிக்கப்படுவது பெரும்பாலும் குடிசைதான். ஏரியில் எழுந்த கல்லூரிக் கட்டடமும் அரசு அலுவலகமும் வழக்கும் தடையாணையுமாக நிற்கின்றன. ஊருக்குள் மனை மறுக்கப்பட்டதால் நீர்நிலைப் புறம்போக்கில் குடியேறியவரையும், வணிகத்துக்காக ஏரியை நிரப்பியவரையும் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது நேர்மையன்று.

உள்ளாட்சிகள் பின்பற்ற வேண்டிய ஒழுங்கை இவ்வாறு வரிசைப்படுத்தலாம். நீரின் ஓட்டத்தை அதிகம் தடுக்கும் பெரிய கட்டுமானங்களில் தொடங்க வேண்டும். குடியிருப்பு மேம்பாட்டால் தீரும் இடத்தில் இடமாற்றம் கூடாது. இடமாற்றம் தவிர்க்க முடியாததாயின், மாற்று மனை பிழைப்பிடத்துக்கும் பள்ளிக்கும் அருகில், மேட்டில், இடிப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அந்த மனை ஊரிலிருந்து ஒதுங்கிய இன்னொரு காலனியாகவும் இருக்கக் கூடாது. சாதிவாரி ஒதுக்கீட்டோடு 100 வீடுகளை ஒரே குடியிருப்பில் கலந்து அமைத்த சமத்துவபுரத் திட்டம் 1997-இல் தொடங்கப்பட்டது. அதில் 40 வீடுகள் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. அத்திட்டத்துக்குக் குறைகள் உண்டு. குடியிருப்பு வரைபடத்தின் மூலம் சாதிப் பிரிவைக் குறைக்க அரசு முயல முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

தலித் மக்களின் நிலத்திலிருந்து அவர்களை முறைகேடாக வெளியேற்றுவதும், அவர்கள் பயன்படுத்தும் நீரை மாசுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றங்கள். ‘பசுமை’, ‘மீட்டெடுப்பு’ என்ற பெயர்களில் நடப்பவற்றுக்கும் இது பொருந்தும்.

நாற்காலியும் வரைபடமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அந்த விகிதத்துக்கேற்ப உள்ளாட்சிகளில் இடஒதுக்கீடு உண்டு. 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடங்கள். ஆனால், ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்காக மேலவளவில் முருகேசனும் அவருடன் ஐவரும் 1997-இல் கொல்லப்பட்டதை மறக்க இயலாது. நாற்காலியில் உட்காரவே போராட வேண்டிய தலைவர், ஆதிக்கச் சாதியினரின் மனைப் பிரிவைக் கேள்வி கேட்பது எளிதன்று. அவருக்குத் துணையாக எழுத்திலான தீர்மானமும், மக்கள் கையெழுத்தும், வெளியிலிருந்து வரும் கவனமும் வேண்டும்.

தேர்தலே நடக்காத காலமும் உண்டு. 2016-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 இறுதியிலும் 2021-இலும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022-இலும்தான் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றன. இடைப்பட்ட காலங்களில் அனுமதிகளும் நில வகை மாற்றங்களும் நின்றுவிடுவதில்லை. கேள்வி கேட்கும் உறுப்பினர்தான் இல்லாமல் போகிறார். மாவட்டத் திட்டக் குழுவில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்.டி பிரிவு. தேர்தல் தள்ளிப்போனால் அந்தக் குழுவும் வெறும் பெயராகிவிடும்.

அடுத்த கிராம சபைக்கு முன்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் நடைமுறைக்கு வந்தன. இக்கூட்டங்களுக்குச் செல்லுமுன் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டின் படியையும் பெறுக. மறுக்கப்பட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க.

2. ஏரி, வாய்க்கால், வடிகால் புறம்போக்குகளின் புல எண்களைக் குறித்துக்கொண்டு, மூத்தவர்களோடு அவற்றை நடந்து பார்க்க. நீர் எங்கே தடுக்கப்படுகிறது என்பதைப் படத்துடன் பதிக.

3. காலனியின் ஒவ்வொரு தெருவிலும் கடந்த வெள்ளத்தின் நீர் உயரம், நீர் நின்ற நாள்கள், இழப்பு, நிவாரணம் வந்த நாள் ஆகியவற்றைப் பட்டியலிடுக.

4. பஞ்சமி நிலம், நத்தம், பட்டா இல்லாத மனை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எழுதுக.

5. உங்கள் பகுதிக்கு முழுமைத் திட்டம் தயாராகிறதா என்று கேட்டறிக. வரைவு வெளியானால் இரண்டு மாத அவகாசத்துக்குள், புல எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க. சென்னைப் பெருநகருக்கு 2027 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாரிக்கப்படுவதைத் தொடர்ந்து கவனிக்க.

6. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் குடியிருப்பின் பெயர் உள்ளதா என்று பார்க்க. இல்லையெனில் சேர்க்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழிக.

7. தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று அங்கேயே சரிபார்த்துப் படி கேட்க.

இவற்றில் எதுவும் போராட்டத்துக்கு மாற்று ஆகாது. போராட்டம் கேட்கும் கேள்விக்கு அலுவலகக் கோப்பு பதில் சொல்ல வேண்டிய நிலையை இவை உருவாக்குகின்றன. ‘தாழ்வான பகுதி’ என்று கோப்பில் எழுதப்படும் இடத்தில் அந்தப் பகுதியின் பெயர், புல எண், குடும்பங்களின் எண்ணிக்கை, மேட்டில் தரப்பட வேண்டிய மாற்று நிலத்தின் எண் ஆகியவை எழுதப்பட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அந்த வரிகளை எழுத வைப்பதே நம் முன் உள்ள வேலை.